'லேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்?

கிளிமெண்டி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரக் குடியிருப்பாளர்களுக்கான அறிவிப்புகளையும், விரைவில் வரவிருக்கும் நினைவு மலரின் கட்டுரைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணியைத் தொண்டூழியமாகச் செய்து வருகிறேன். இம்முறை கைக்கு வந்த தாள்களில் 'லேட்' என்ற சொல் மூன்று இடங்களில், மூன்று வெவ்வேறு பொருளில் வந்திருக்கிறது. கூடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் உரிய நாளில் பணம் கட்டாவிட்டால் விதிக்கப்படும் 'லேட் பேமெண்ட்' கட்டணம் ஒன்று. குழுவைத் தொடங்கி நடத்திய பெரியவர் ஒருவரின் பெயருக்கு முன்னால் 'த லேட்' என்று வருவது இன்னொன்று. கம்பத்து வாழ்க்கையைப் பற்றிய பத்தியில் 'லேட் ஃபிஃப்டீஸ்' என்று வருவது மூன்றாவது.

கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தபோது மூன்றுக்கும் 'தாமதம்' என்றே வந்தது. 'தாமதமான தலைவர்' என்று அச்சேறி, அந்த மலர் அவருடைய பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. அகராதியில் பல பொருள்கள் இருக்கின்றன. ஆயினும், எந்த இடத்தில் எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்பதை அகராதி விளக்குவதில்லை. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் என்னைப் போன்ற பலருக்கும் உதவியாக இருக்கும்.

சொல்லாய்வு எழுதியது:

இச்சொல்லின் பிறப்பைப் பார்த்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும். பழைய ஆங்கிலத்தில் இது 'லாட்' என்ற வடிவில் வழங்கியபோது 'மெதுவான', 'மந்தமான' என்பதே அதன் பொருள். மெதுவாக நடப்பவர் பின்தங்குவார், பின்தங்குபவர் உரிய வேளைக்குப் பின்னரே வந்து சேர்வார் என்ற வழியில் 'நேரங்கடந்து' என்ற பொருள் கிளைத்தது. ஒரு காலப்பகுதியின் பின்புறத்தில் இருப்பதையும் அதே சொல்லால் குறித்தபோது 'இறுதிப் பகுதி' என்ற பொருள் வந்தது. கடந்துபோன காலத்தின் பின்புறம் என்பது நாம் நிற்கும் இந்த நாளுக்கு ஆக நெருக்கமான பகுதி என்பதால், 'அண்மை' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. அண்மைக்காலம்வரை நம்மோடு இருந்து இப்போது இல்லாதவரைக் குறிக்கும் வழக்கு இந்தக் கடைசிக் கிளையிலிருந்து வந்தது. ஆகவே 'த லேட்' என்று ஒருவரைக் குறிப்பிடும்போது, அவர் எதற்கோ பிந்திவிட்டார் என்ற எண்ணம் அதில் அணுவளவும் இல்லை.

'லாஸ்ட்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான். பழைய 'லாட்' என்பதன் உச்சநிலை வடிவமே தேய்ந்து 'லாஸ்ட்' ஆயிற்று. ஒப்புநிலை வடிவம் 'லாட்டர்' ஆயிற்று. இன்று நாம் சொல்லும் 'லேட்டர்', 'லேட்டெஸ்ட்' ஆகியவை பிற்காலத்தில் புதிதாக அமைத்துக்கொண்ட வடிவங்கள். தடுத்தல், தாமதப்படுத்துதல் என்ற பொருளில் வழங்கிய பழைய 'லெட்' என்ற சொல்லும் இதன் உறவே. பிரிட்டிஷ் கடப்பிதழின் முதற்பக்க வேண்டுகோளில், கடப்பிதழ் வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு கேட்கும் வரியில் அச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

நம் 'தாமதம்' வந்த வழியும் ஏறக்குறைய இதுவே என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. வடமொழியின் 'தாமச' என்பதிலிருந்து வந்தது அது. தமோ குணத்தின் மந்தத்தையும் சோம்பலையும் குறித்த சொல். பெரியவர்கள் சிலர் இன்றும் 'தாமசம்' என்றே சொல்வார்கள். இரண்டு சொற்களும் மந்தத்தில் தொடங்கி நேரங்கடத்தலுக்கு வந்தன. ஆங்கிலச் சொல் அதற்கப்பாலும் நடந்து இறுதிப் பகுதி, அண்மை, மறைவு என்று மூன்று வீடுகளுக்குள் நுழைந்தது. நம் சொல்லோ அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே முதற்பொருளுக்கு மட்டுமே 'தாமதம்' பொருந்தும். மற்ற மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் முன்பே இருக்கின்றன.

ஈசூன் ஆசிரியை எழுதியது:

சொல்லாய்வு ஐயாவின் விளக்கம் அருமை. மாணவர்களின் கட்டுரைகளில் நான் மீண்டும் மீண்டும் காணும் ஒன்றை இங்கே சேர்க்க விரும்புகிறேன். பள்ளிக்கு நேரங்கழித்து வந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது நம் பிள்ளைகள் பலர் 'ஐ கேம் லேட்லி' என்று எழுதிவிடுகிறார்கள். இதற்குக் காரணம் அவர்களின் தமிழறிவில்தான் இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தமிழில் பெயரோடு 'ஆக' சேர்த்தால் வினையடை கிடைத்துவிடும்: அழகு, அழகாக, தாமதம், தாமதமாக. ஆங்கிலத்தில் அந்த 'ஆக' செய்யும் வேலையை 'லி' செய்கிறது என்று ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், 'லேட்' என்பதோடும் அதை ஒட்டவைப்பது இயல்பே.

ஆனால் 'லேட்' என்பது பெயரடையாகவும் வினையடையாகவும் தனியே நின்று இயங்கும் சொல். 'லேட்லி' என்றால் 'அண்மைக்காலமாக' என்று பொருள். 'அவன் லேட்டாக வந்தான்' என்பதற்கும் 'அண்மைக்காலமாக அவன் வருகிறான்' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். 'ஹார்ட்', 'ஹார்ட்லி' என்ற இணையும் இத்தகையதே. கடுமையாக உழைத்தான் என்று எழுத நினைத்து, உழைக்கவே இல்லை என்ற பொருள் வரும்படி எழுதிவிடுவார்கள். 'ஆஃப் லேட்' என்ற தொடருக்கும் 'அண்மைக்காலமாக' என்பதே பொருள்.

பேச்சில் நாம் 'லேட்டா வந்தான்', 'லேட் ஆயிடுச்சு', 'லேட் பண்ணாதே' என்று ஒரே சொல்லை வினையடையாகவும் பெயராகவும் வினையாகவும் திருப்பிக்கொள்கிறோம். அது தமிழின் இலக்கணம் அந்நியச் சொல்லைத் தனக்கேற்ப வளைத்துக்கொண்ட விதம், அதில் தவறில்லை. எழுதும்போது மட்டும் வேறு சொல் தேடிப் பழக வேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்துவேன்.

அச்சகத்தார் எழுதியது:

சிராங்கூன் சாலைப் பக்கம் அழைப்பிதழும் நினைவஞ்சலி அட்டையும் அச்சிடும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் இரண்டாவது பொருளைப் பற்றி எழுதுகிறேன். மெய்ப்புப் பார்க்கும்போது நாங்கள் ஆகக் கவனமாக இருப்பது இந்த ஒரு சொல்லில்தான்; திருமண அழைப்பிதழில் உயிரோடு இருப்பவர் பெயருக்கு முன்னால் இது தவறிப்போய் விழுந்துவிட்டால், அதைவிடப் பெரிய வருத்தம் அந்தக் குடும்பத்துக்கு வேறில்லை.

ஆங்கிலத்தில் மறைந்தவரைக் குறிக்கும் 'லேட்' பெயருக்கு முன்னால் மட்டுமே வரும். பொதுவாக 'த' என்ற சொல்லையும் அழைத்துக்கொண்டு வரும். வாக்கியத்தின் இறுதியில் வந்தால் நேரங்கழித்து வந்தார் என்ற பொருளே கிடைக்கும். (தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா போன்ற நாடுகளின் ஆங்கிலத்தில் 'என் தந்தை லேட்' என்று சொன்னால் அவர் இறந்துவிட்டார் என்று கொள்வார்கள். நம் ஊர் ஆங்கிலத்தில் அந்த வழக்கு இல்லை.) மேலும் இது நாம் அறிந்த, நினைவில் வைத்திருக்கும் தலைமுறையினருக்கு உரிய சொல். நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த மன்னர்களுக்கும் புலவர்களுக்கும் யாரும் 'த லேட்' போடுவதில்லை, ஏனெனில் அவர்கள் இன்று இல்லை என்பதைத் தனியே சொல்லவேண்டிய தேவை இல்லை.

'மறைந்த', 'முன்னாள்' ஆகிய இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. நம் நாட்டு அதிபர்களையே எடுத்துக்கொள்ளலாம். யூசோஃப் இஷாக் 1970ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி பதவியில் இருக்கும்போதே காலமானார். பெஞ்சமின் ஷியர்சும் 1981இல் அவ்வாறே பதவியில் இருந்தபடி காலமானார். எஸ் ஆர் நாதனோ 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்து, பதவியிலிருந்து இறங்கிய பின் 2016 ஆகஸ்ட் 22ஆம் தேதி மறைந்தார். ஆகவே அவரை 'மறைந்த முன்னாள் அதிபர்' என்று எழுதுவதே செம்மை. முதல் இருவருக்கு 'மறைந்த அதிபர்' என்றாலே போதும். ஒருவரின் 'லேட்' கணவரும் முன்னாள் கணவரும் ஒருவரல்லர் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் அந்தப் பிழையையும் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'மறைந்த தலைவர் அன்று கூடத்தைத் திறந்துவைத்தார்' என்று எழுதினால், மறைந்த பிறகு வந்து திறந்துவைத்ததாக ஒலிக்கிறது. திறந்துவைத்த அன்று அவர் உயிரோடு இருந்தார். அத்தகைய இடத்தில் பெயரை மட்டும் எழுதி, மறைவை வேறொரு வாக்கியத்தில் சொல்வது நல்லது.

தமிழில் 'காலஞ்சென்ற', 'மறைந்த', 'அமரர்', 'தெய்வத்திரு', 'இறையடி சேர்ந்த' என்று பல வழக்குகள் உண்டு. அழைப்பிதழில் 'காலஞ்சென்ற திரு. இன்னாரின் புதல்வி' என்று போடுவதுதான் எங்கள் பழக்கம். மறைந்து சில வாரங்களே ஆனவருக்கும் அது பொருந்தும், முப்பது ஆண்டுகள் ஆனவருக்கும் பொருந்தும்.

தோ பாயோ குமரன் எழுதியது:

அச்சகத்தார் ஐயா மன்னிக்கவேண்டும், ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். எங்கள் வீட்டுப் பழைய அழைப்பிதழ்களில் பெயருக்கு முன் 'லேட்' என்று தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். என் பாட்டனார் காலத்து அழைப்பிதழிலும் அப்படித்தான் இருக்கிறது. இத்தனை தலைமுறையாகப் புழங்கி, படித்தவர் படிக்காதவர் எல்லாரும் கண்டவுடன் புரிந்துகொள்ளும் ஒரு வழக்கை ஏன் விலக்க வேண்டும்? 'பஸ்', 'டிக்கெட்' ஆகியவற்றைப் போல இதுவும் தமிழாகிவிட்டது என்று கொள்ளலாமே.

அச்சகத்தார் எழுதியது:

தம்பி, புரிகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வாடிக்கையாளர் வேண்டுமென்று கேட்டால் அச்சிட்டும் தருகிறேன். 'பஸ்' என்ற சொல் தமிழில் ஒரு பொருளைத்தான் குறிக்கிறது, அதனால் குழப்பம் வருவதில்லை. 'லேட்' என்பதோ அன்றாடப் பேச்சில் ஒரு நாளைக்குப் பலமுறை நேரங்கழித்து வருவதைக் குறிக்கும் சொல். அதே சொல்லை நம் தாத்தாவின் பெயருக்கு முன்னால் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 'காலஞ்சென்ற' என்று சொல்லும்போது அந்தச் சொல்லிலேயே ஒரு மரியாதை தங்கியிருக்கிறது; காலத்தோடு போனவர் என்கிறோம். இப்படி ஒரு சொல் கைவசம் இருக்கும்போது வேறெதற்குப் போக வேண்டும்?

பிடோக் நாகூரார் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் சமூகத்தில் மறைந்தவர்களை ஆணாயின் 'மர்ஹூம்' என்றும் பெண்ணாயின் 'மர்ஹூமா' என்றும் குறிப்பிடுவோம். இறைவனின் கருணை பெற்றவர் என்பது அந்த அரபுச் சொல்லின் கருத்து. இங்குள்ள மலாய் மக்கள் 'அல்லாஹ்யர்ஹாம்' என்று எழுதுவதும் அதே வேரிலிருந்து வருவதுதான். யூசோஃப் இஷாக் அவர்களின் பெயருக்கு முன்னால் மலாய் ஏடுகளில் அதைக் காணலாம்.

பொது மலருக்கு மொழிபெயர்க்கும் சகோதரி ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டுகிறேன். 'அமரர்' என்பது தேவர்களைக் குறிக்கும் சொல்; இறந்தவர் தேவருலகு சேர்ந்தார் என்ற நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது. அதை ஒரு முஸ்லிம் பெரியவருக்கோ கிறிஸ்தவப் பெரியவருக்கோ போட்டால் அவர்களின் குடும்பத்தார் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனத்துக்குள் நெருடும். பல சமயத்தவரும் வாசிக்கும் ஏட்டில் 'மறைந்த' அல்லது 'காலஞ்சென்ற' என்று எழுதுவதே எல்லாருக்கும் பொது. குடும்பத்தாரே எழுதித் தரும் பகுதியில் அவரவர் வழக்கை அப்படியே விட்டுவிடலாம்.

கிளிமெண்டி வாசகி எழுதியது:

நாகூரார் ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. முதல் வரைவில் 'அமரர்' என்றே எழுதியிருந்தேன். இனி எல்லாப் பெயர்களுக்கும் 'மறைந்த' என்றே வைத்துக்கொள்கிறேன். 'லேட் ஃபிஃப்டீஸ்' என்பதற்கு 'ஐம்பதுகளின் கடைசியில்' என்றால் சரியாக இருக்குமா?

சொல்லாய்வு எழுதியது:

'ஐம்பதுகளின் பிற்பகுதியில்' என்பது இன்னும் பொருத்தம். 'கடைசியில்' என்றால் 1959 என்று மட்டும் நினைக்க இடமுண்டு. ஆங்கிலத்தில் 'லேட் ஃபிஃப்டீஸ்' என்பது ஏறக்குறைய 1957 முதல் 1959 வரையான ஆண்டுகளை உத்தேசமாகச் சுட்டுவது. ஒருவரின் வயதைச் சொல்லும் இடத்திலும் இதே தொடர் வரும். அப்போது 'ஐம்பது வயதைத் தாண்டி அறுபதை நெருங்கும்' என்று விரித்து எழுதுவதே தமிழின் இயல்பு.

தமிழ் இந்தப் பொருளில்தான் ஆகச் செழிப்பாக இருக்கிறது. ஒரு காலத்தை முன், பின் என்று பிரித்துப் பெயரிடும் பழக்கம் நம்மிடம் தொல்காப்பியக் காலத்திலிருந்தே உண்டு. பெரும்பொழுதில் முன்பனியும் பின்பனியும் தனித்தனிப் பருவங்கள். வேனிலில் இளவேனிலும் முதுவேனிலும் தனித்தனி. ஆங்கிலத்தில் 'லேட் சம்மர்' என்று இரண்டு சொல்லால் சொல்வதை ஒத்த ஒன்றை நம் முன்னோர் 'முதுவேனில்' என்று ஒரே சொல்லில் அடக்கினர். சிறுபொழுதில் 'எற்பாடு' என்பது நெய்தலுக்கு உரிய பொழுது. 'எல்' என்றால் கதிரவன், 'பாடு' என்றால் சாய்தல். அதாவது நண்பகலுக்குப் பிறகு வெயில் சாயும் நேரம். 'லேட் ஆஃப்டர்நூன்' என்பதற்கு இதைவிடத் துல்லியமான சொல்லை எந்த மொழியிலும் எதிர்பார்க்க இயலாது என்பேன். இன்றைய செய்தியில் அச்சொல்லை எழுதினால் வாசகருக்கு விளங்காது என்பதால் 'சாயங்காலம் நெருங்கும் வேளை' என்று எழுத வேண்டியிருக்கிறது. அது எனக்கு வருத்தமே. இலங்கைத் தமிழர் 'பின்னேரம்' என்று அழகாகச் சொல்கிறார்கள்.

வரலாற்றிலும் இப்படியே. விசயாலயன் வழிவந்தவர்களைப் 'பிற்காலச் சோழர்' என்கிறோம். யாரும் 'தாமதச் சோழர்' என்று எழுதத் துணிய மாட்டார்கள். சிங்கப்பூரின் தொடக்ககாலத் தமிழ் இதழ்களுள் ஒன்றான 'சிங்கை நேசன்' 1887இல் வெளிவரத் தொடங்கியது. அதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று எழுதும்போது நமக்குத் தயக்கமே வருவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தைப் பற்றிய அறிவிப்புகளில்கூட, தொடக்கத்தில் மழை மிகுந்தும் பிற்பகுதியில் மழை குறைந்து காற்று வீசியும் இருக்கும் என்று எழுதுகிறோம். 'லேட் நைட்' என்பதற்கு மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'பின்னிரவு' என்பது நள்ளிரவுக்குப் பிந்திய பகுதி. இரவு பதினொரு மணிக்குக் கடையை மூடுவதைப் 'பின்னிரவு' என்று எழுதினால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார்; அதற்கு 'இரவு வெகுநேரம்வரை' என்பதே சரி.

தொண்டூழியர் ஒருவர் எழுதியது:

வெளிநாட்டு ஊழியர்களின் தங்குவிடுதிகளில் சம்பளம் தொடர்பான கேள்விகளுக்கு வழிகாட்டும் பணியில் இருக்கிறேன். மேலே பேசப்பட்டவை மரியாதையையும் செம்மையையும் பற்றியவை. எங்கள் பணியில் இந்தச் சொல் ஒருவருடைய வயிற்றுப்பாட்டைத் தொடுகிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஊழியர்கள் எங்களிடம் வந்து 'சம்பளம் லேட்டா வருது' என்பார்கள். அப்படிச் சொல்லும்போது அதில் மனக்குறை இருக்கிறது, ஆனால் நாள் இல்லை. சட்டமோ நாளைத்தான் கேட்கிறது. வேலை நியமனச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். மிகைநேர வேலைக்கான தொகையை 14 நாட்களுக்குள் கொடுக்கலாம். ஆகவே மாதக்கடைசியில் வரவேண்டும் என்று ஊழியர் எதிர்பார்த்திருந்த சம்பளம் அடுத்த மாதம் 5ஆம் தேதி வந்தால், பேச்சுவழக்கில் அது 'லேட்'. சட்டப்படி அது உரிய காலத்துக்குள் வந்ததே. 7ஆம் தேதிக்குள் வராவிட்டால்தான் அது கெடு கடந்தது. இந்த வேறுபாட்டை விளக்காமல் வெறுமனே 'தாமதம்' என்று மொழிபெயர்த்து எழுதிக்கொடுத்தால், ஊழியர் ஒன்றை நினைத்துப் போய், அதிகாரி வேறொன்றைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் நிலை வருகிறது.

அதனால் எங்கள் துண்டறிக்கைகளில் மூன்று சொற்களைத் தனித்தனியாகப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறோம். பணம் கொடுக்கப்பட வேண்டிய இறுதி நாளைக் 'கெடு' என்கிறோம். அந்த நாள் தாண்டியும் வராததைக் 'கெடு கடந்த சம்பளம்' என்கிறோம். இன்னும் வரவேண்டியிருக்கும் மொத்தத் தொகையை 'நிலுவை' என்கிறோம். 'ஓவர்டியூ' என்பதையும் 'அவுட்ஸ்டேண்டிங்' என்பதையும் பலர் ஒன்றாகவே 'நிலுவை' என்று எழுதிவிடுகிறார்கள். நிலுவையில் உள்ள தொகை எல்லாமே கெடு கடந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை.

முறையீட்டுக்கும் காலவரம்பு உண்டு என்பதை இங்கே வாசிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஊழியர்களிடம் சொல்ல வேண்டுகிறேன். வேலையில் இருப்பவர், பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். வேலையை விட்டவர், வேலையின் கடைசி நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். 'கொஞ்சம் லேட்டானாலும் முதலாளி கொடுத்துவிடுவார்' என்று நம்பிக் காத்திருந்து இந்த வரம்பையும் தாண்டிவிட்ட ஒருவருக்கு எங்களால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

ஈசூன் ஆசிரியை எழுதியது:

மிகவும் பயனுள்ள பதிவு. வருமான வரிக் கடிதங்களிலும் 'லேட்' இரண்டு விதமாக வரும். கணக்கைத் தாக்கல் செய்வதில் பிந்துவது ஒன்று, வரியைச் செலுத்துவதில் பிந்துவது மற்றொன்று. உரிய நாளுக்குள் செலுத்தாத வரிக்கு 5 விழுக்காடு தண்டத்தொகை சேரும். இரண்டையும் 'தாமதக் கட்டணம்' என்று ஒரே தொடரால் எழுதினால், எதற்காகத் தண்டம் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

தொண்டூழியர் ஒருவர் எழுதியது:

உண்மை. மத்திய சேம நிதிச் சந்தாவிலும் இதுபோன்ற நுட்பம் ஒன்று உண்டு. முதலாளி சந்தாவைச் செலுத்தவேண்டிய நாள் மாதத்தின் கடைசி நாள். ஆனால் அடுத்த மாதம் 14ஆம் தேதிவரை அவருக்குச் சலுகைக் காலம் இருக்கிறது. அதற்குள்ளும் செலுத்தாவிட்டால், வட்டி 15ஆம் தேதியிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, அந்த மாதத்தின் முதல் நாளிலிருந்தே மாதத்துக்கு 1.5 விழுக்காடாகக் கணக்கிடப்படுகிறது. கெடுவும் சலுகைக் காலமும் வேறுவேறு என்பதைத் தமிழில் தெளிவாக எழுதினால்தான் சிறுகடை நடத்துபவர்களுக்கு இது விளங்கும்.

யாழ்வழி எழுதியது:

எங்கள் குடும்பம் மலாயாக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வீட்டில் இன்றும் 'பிந்தி வந்தவர்', 'சுணங்கிப் போச்சு', 'சுணக்கம்' என்றுதான் பேசுவோம். 'பிந்துதல்' என்பது 'லேட்' என்பதற்கு நேர்நிகரான, எளிய, வினையாக நடக்கும் சொல். 'தாமதமாக வந்தார்' என்று இரண்டு சொல்லில் சொல்வதைப் 'பிந்தினார்' என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். மேலே ஈசூன் ஆசிரியையும் 'பிந்துவது' என்று எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

'லேட்', 'டிலே' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் இன்னும் தொடவில்லை. ரயில் 'லேட்' என்றால் அது பிந்தி வந்தது என்ற செய்தி மட்டுமே. 'டிலே' என்றால் ஏதோ ஒன்று அதைப் பிந்தச் செய்தது. அங்கே ஒரு காரணம் இருக்கிறது. சமிக்ஞைக் கோளாற்றால் ரயில் சேவையில் சுணக்கம் ஏற்பட்டது என்று எழுதலாம். அலாரம் அடித்தும் எழாத மாணவனுக்குச் சுணக்கம் ஏற்பட்டது என்று எழுத முடியாது, அவன் பிந்தினான் என்றுதான் எழுத வேண்டும். தமிழில் தன்வினையும் பிறவினையும் இதைத் தெளிவாகப் பிரித்துத் தருகின்றன: தாமதித்தான், தாமதப்படுத்தினான். அறிவிப்பு எழுதுபவர்கள் 'தாமதம் ஏற்பட்டது' என்று பொதுவாக எழுதிவிட்டால், யாரால் ஏற்பட்டது என்ற கேள்வி விடையில்லாமல் நிற்கிறது.

சொல்லாய்வு எழுதியது:

யாழ்வழி சொல்வது முழுக்கச் சரி. 'பிந்து' என்பதைத் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் நாம் 'முந்தி, பிந்தி' என்ற இணையில் மட்டும் வைத்துக்கொண்டு, தனி வினையாக எழுதுவதைக் குறைத்துவிட்டோம். மீட்டெடுக்க வேண்டிய சொல் அது.

வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்வதற்கும் நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. குறளில் 'தூங்குக தூங்கிச் செயற்பால' (672) என்று வருகிறதே, அங்கே 'தூங்குதல்' உறக்கத்தைக் குறிக்கவில்லை. ஆறப்போட்டு, காலம் நீட்டித்துச் செய்தலைக் குறிக்கிறது. சில வினைகளை அவ்வாறு நீட்டித்தே செய்ய வேண்டும், சிலவற்றை நீட்டிக்கவே கூடாது என்பது வள்ளுவர் கருத்து. 'தூக்கங் கடிந்து செயல்' (668) என்ற இடத்திலும் அதே பொருள்தான். சோம்பலால் காலம் கடத்துவதற்கோ 'நெடுநீர்' (605) என்று வேறு சொல் வைத்திருக்கிறார். நன்மை கருதிப் பொறுத்துச் செய்வதும் மடியால் தள்ளிப்போடுவதும் அவரிடம் வேறு வேறு சொல் பெறுகின்றன. ஆங்கிலத்தில் இரண்டையும் 'டிலே' என்றே சொல்லிவிட முடிகிறது.

தோ பாயோ குமரன் எழுதியது:

அச்சகத்தார் ஐயாவின் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். அழைப்பிதழைப் பொறுத்தவரை என் எண்ணம் மாறிவிட்டது. கடைசியாக ஓர் ஐயம். அலுவலக மின்னஞ்சல்களில் 'லேட்டெஸ்ட் பை 5 மணி' என்று எழுதுகிறார்கள். அது சரியான ஆங்கிலமா? தமிழில் அதை எப்படிச் சொல்வது? 'லேட்டெஸ்ட்', 'லாஸ்ட்' ஆகிய இரண்டையும் 'கடைசி' என்றே எழுதலாமா?

ஈசூன் ஆசிரியை எழுதியது:

'லேட்டெஸ்ட் பை' என்பது நம் வட்டாரத்தில் வேரூன்றிய வழக்கு. பேச்சில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேர்விலும் அலுவல்முறைக் கடிதத்திலும் 'பை 5 மணி, அட் த லேட்டெஸ்ட்' என்று எழுதச் சொல்வேன். தமிழில் 'மாலை 5 மணிக்குள்' என்றாலே போதும். அழுத்தம் வேண்டுமானால் 'போனால் போகிறது என்றாலும் 5 மணிக்கு மேல் ஆகக்கூடாது' என்று பேச்சில் சொல்வோம். எழுத்தில் '5 மணிக்குப் பிறகு வருபவை ஏற்கப்படமாட்டா' என்று எழுதுவது தெளிவு.

இரண்டாவது கேள்விக்கு, கூடாது என்பதே என் பதில். ஓர் எழுத்தாளரின் 'லேட்டெஸ்ட்' நூல் என்றால் இதுவரை வந்தவற்றுள் புதியது, இன்னும் வரக்கூடும். 'லாஸ்ட்' நூல் என்றால் அதற்குப் பிறகு இல்லை என்று கொள்ளவும் இடமுண்டு. உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரின் புத்தகத்தைக் 'கடைசி நூல்' என்று அறிமுகப்படுத்துவது அவருக்கும் வாசகருக்கும் சங்கடம். நம் ஊர்ச் செய்திகளில் வழங்கும் 'ஆக அண்மைய' என்ற தொடர் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது: 'அவருடைய ஆக அண்மைய நூல்'. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த 'ஆக' சற்றுப் புதிதாகப் படலாம். அவர்கள் 'அண்மையில் வெளிவந்த நூல்' என்று எழுதிக்கொள்ளலாம்.